பட்டறை அழுத்தி மேசை வின்ச்

பட்டறை அழுத்தி மேசை வின்ச் என்பது, இயந்திரப் பட்டறைகளில் பயன்படும் நீரியல் அழுத்தியின் கனமான மேசையை வேண்டிய உயரத்துக்கு ஏற்றவும் இறக்கவும் அழுத்தியின் சட்டத்தில் பொருத்தப்படும் சுழற்று பொறி ஆகும். பெரிய அழுத்திகள் பலவற்றில் இதனைத் தயாரிப்பாளர்களே பொருத்தித் தருகின்றனர். சிறிய அழுத்திகளில் பயனர்கள் பின்னர் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இப்பொறி மேசையின் எடையை மட்டுமே தாங்குகிறது. அழுத்தும்போது எழும் விசையைத் தாங்குபவை மேசைக்கு அடியில் செருகப்படும் எஃகு முளைகளே. இவ்வேறுபாடே இதன் வடிவமைப்புக்கும் பாதுகாப்புக்கும் அடிப்படையாகும்.

அழுத்தியின் அமைப்பு

நீரியல் அழுத்தி பாசுக்கல் விதியின்படி இயங்குகிறது. அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவ்விதி. இதனால் சிறிய உந்துதண்டின் மீது கையால் தரப்படும் விசை, பெரிய உந்துதண்டில் பரப்பளவுகளின் விகிதத்துக்கு ஏற்பப் பன்மடங்காகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் பிராமா 1795 ஆம் ஆண்டில் இத்தகைய அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார்.

பட்டறைகளில் பரவலாகக் காணப்படுவது எச் வடிவச் சட்டம் கொண்ட அழுத்தி ஆகும். இதன் முதன்மையான பாகங்கள் பின்வருவன:

* இரு பக்கங்களிலும் நிற்கும் எஃகுத் தூண்கள்
* தூண்களின் மேல்முனைகளை இணைக்கும் மேற்சட்டம். நீரியல் ஜாக்கி இதில் அமைந்திருக்கும்
* தூண்களுக்கு இடையே மேலும் கீழும் நகரக்கூடிய மேசை
* தூண்களில் வரிசையாக இடப்பட்ட துளைகளில் செருகப்பட்டு, மேசையைத் தாங்கும் முளைகள். பட்டறைகளில் இவை 'பின்' எனப்படும்

தண்டில் இறுகியிருக்கும் பேரிங்குகளைக் கழற்றுதல், புஷ்களை ஏற்றுதல், வளைந்த தண்டுகளை நிமிர்த்துதல் போன்ற பணிகளுக்கு இவ்வழுத்தி பயன்படுகிறது. ஜாக்கியின் உந்துதண்டு பெரும்பாலும் 200 மில்லிமீட்டருக்கும் குறைவான தூரமே நகரும். ஆனால் வேலைப்பொருளின் உயரமோ, சில சென்டிமீட்டர் கொண்ட புஷ் முதல் நீண்ட அச்சுத்தண்டு வரை வேறுபடும். எனவே ஒவ்வொரு பணிக்கும் ஏற்ப மேசையின் உயரத்தை மாற்ற வேண்டியுள்ளது.

வின்ச்சின் தேவை

சிறிய அழுத்தியின் மேசையே சில பத்துக் கிலோகிராம் எடை இருக்கும். பெரிய அழுத்திகளில் அது 100 கிலோகிராமையும் தாண்டலாம். வின்ச் இல்லாதபோது, மேசையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, அப்பக்கத்து முளையை உருவி அடுத்த துளையில் செருகி, பின்னர் மறுமுனையில் அதனையே செய்ய வேண்டும். துளைக்குத் துளை இது திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. ஒரு கையால் மேசையைத் தாங்கி மறுகையால் முளையைச் செருகும்போது விரல்கள் நசுங்குவதற்கும், குனிந்து தூக்குவதால் முதுகில் காயம் ஏற்படுவதற்கும் வாய்ப்பு உண்டு. இந்தச் சிரமத்தைத் தவிர்க்க, வேலைக்குப் பொருந்தாத உயரத்திலேயே மேசையை விட்டுவிட்டு, இடைவெளியை நிரப்பக் கட்டைகளை அடுக்கி அழுத்துவோரும் உள்ளனர். பேரழுத்தத்தில் அவ்வடுக்கு நழுவித் தெறிப்பது இன்னும் ஆபத்தானது.

இயங்கும் முறை

வின்ச், சக்கரமும் அச்சும் என்னும் எளிய எந்திர வகையைச் சேர்ந்தது. கிணற்றில் நீர் இறைக்கும் கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றுகிறது. வின்ச் விசையையும் பெருக்குகிறது. இதற்குக் காரணம், கைப்பிடி சுழலும் வட்டம் கம்பிவடம் சுற்றும் உருளையைவிடப் பெரிதாக இருப்பதாகும். இரண்டுக்கும் இடையே பற்சக்கரங்கள் இருந்தால் பெருக்கம் மேலும் கூடும்.

எடுத்துக்காட்டாக, மேசையின் நிறை 60 கிலோகிராம் எனக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 590 நியூட்டன். கைப்பிடியின் நீளம் 240 மில்லிமீட்டர், உருளையின் ஆரம் 40 மில்லிமீட்டர், பற்சக்கர விகிதம் 4:1 எனில் விசைப்பெருக்கம் 6 × 4 = 24 ஆகும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கைப்பிடியில் தர வேண்டிய விசை சுமார் 25 நியூட்டன் மட்டுமே. இது இரண்டரைக் கிலோகிராம் எடைக்குச் சமம். விசையில் பெற்ற ஆதாயம் தூரத்தில் ஈடு செய்யப்படுகிறது. மேசையை 300 மில்லிமீட்டர் உயர்த்தக் கைப்பிடியை ஏறத்தாழ ஐந்து சுற்று சுற்ற வேண்டும்.

வடிவமைப்பு

இரட்டை வட முறை

மேசையை ஒரு பக்கத்தில் மட்டும் தூக்கினால் அது சாய்ந்து, தூண்களுக்கு இடையே இறுகிக்கொள்ளும். ஆகவே இரு முனைகளையும் ஒரே அளவில் தூக்குவது அவசியம். வழக்கமான தீர்வு, ஒரே உருளையில் இரண்டு கம்பிவடங்களைச் சுற்றுவதாகும். வின்ச் ஒரு தூணின் வெளிப்புறத்தில் பொருத்தப்படுகிறது. முதல் வடம் மேலே சென்று, அத்தூணின் உச்சியிலுள்ள கப்பியைச் சுற்றி, மேசையின் அருகு முனைக்கு இறங்குகிறது. இரண்டாவது வடம் அதே உச்சியில் மற்றொரு கப்பியைக் கடந்து, மேற்சட்டத்தின் வழியாக எதிர்த்தூணின் கப்பிக்குச் சென்று, மேசையின் தொலை முனைக்கு இறங்குகிறது.

இரு வடங்களும் உருளையில் அருகருகே ஒரே அடுக்காகச் சுற்றப்பட வேண்டும். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறினால் அதன் சுற்றளவு கூடி, மேசை சாயும். உருளையின் நடுவே ஒரு தடுப்புத் தகடு வைத்தால் இது தவிர்க்கப்படும். சிறிய நீள வேறுபாட்டைச் சரிசெய்ய, ஒரு வடத்தின் முனையில் டர்ன்பக்கிள் எனப்படும் திருகுக் கொக்கி இணைக்கப்படுகிறது.

தடை

படகுகளை இழுக்கப் பயன்படும் மலிவான வின்ச்சுகளில் தடுப்புநாக்கும் பற்சக்கரமும் மட்டுமே இருக்கும். ஏற்றும்போது இவை போதுமானவை. இறக்கும்போது தடுப்புநாக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், மேசையின் முழு எடையையும் கையே தாங்க நேரிடும். பிடி தவறினால் கைப்பிடி வேகமாகச் சுழன்று கையைத் தாக்கும். எனவே பின்வரும் இரு வகைகளுள் ஒன்று விரும்பப்படுகிறது:

* தானியங்கித் தடை வின்ச்: கைப்பிடியை விட்ட உடனே உராய்வுத் தட்டுகள் இறுகி எடையை நிறுத்தும். இவ்வகையில் பலவற்றுக்குத் தடை இயங்க ஒரு குறைந்தபட்ச எடை தேவை. ஆகையால் மிக இலகுவான மேசைக்கு மிகப் பெரிய வின்ச் பொருந்தாது.
* புழுப் பற்சக்கர வின்ச்: திருகு போன்ற பற்சக்கரம் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. திருகின் சாய்வு மிகக் குறைவாக இருந்தால், எடையால் அதனைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாது.

கம்பிவடமும் கப்பியும்

4 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 7×19 அமைப்புடைய எஃகுக் கம்பிவடத்தின் முறிவலிமை ஏறத்தாழ 8 முதல் 9 கிலோநியூட்டன். மேற்கண்ட மேசையில் ஒவ்வொரு வடமும் சுமக்கும் எடை 0.3 கிலோநியூட்டன் மட்டுமே. ஆகவே மேசையைத் தூக்க இது தாராளமாகப் போதும். கப்பி சிறியதாக இருந்தால் வடத்தின் இழைகள் வளைந்து வளைந்து விரைவில் அறும். வடத்தின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 18 மடங்கு, அதாவது 70 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள கப்பி ஏற்றது. மேசை மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போதும் ஒவ்வொரு வடத்திலும் குறைந்தது மூன்று சுற்றுகள் உருளையில் எஞ்சியிருக்க வேண்டும்.

வடத்தின் முனையை மடித்துக் கண்ணியாக்க யூ வடிவப் பிடிகளைப் பயன்படுத்தும்போது, பிடியின் சேணப்பகுதி எடை தாங்கும் நீண்ட வடத்தின் மேலும், யூ வடிவ ஆணி வெட்டுமுனையின் மேலும் அமைய வேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஆணி, எடை தாங்கும் வடத்தையே நசுக்கிவிடும்.

பொருத்தும் இடம்

அழுத்தும்போது மேற்சட்டத்துக்கும் முளைகளுக்கும் இடைப்பட்ட தூண்பகுதி இழுவிசைக்கு உட்படுகிறது. அப்பகுதியில் புதிய துளை இடுவதும் பற்றவைப்பதும் தூணின் வலிமையைக் குறைக்கக்கூடும். மிகக் கீழுள்ள முளைத்துளைக்கும் கீழே அழுத்தும் விசை செல்வதில்லை. எனவே வின்ச்சை அங்கே மரையாணிகளால் பொருத்தலாம், அல்லது தூணைச் சுற்றி இறுக்கும் பட்டையால் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். கப்பியைத் தாங்கும் கொம்பின் மீது, மேலேறும் வடமும் கீழிறங்கும் வடமும் சேர்ந்து இழுப்பதால், வடத்தின் இழுவிசையைப் போல் இருமடங்கு விசை செயல்படும்.

வின்ச்சும் முளைகளும்

20 டன் அழுத்தி முழுத்திறனில் இயங்கும்போது மேசையின் மீது ஏறத்தாழ 196 கிலோநியூட்டன் விசை செயல்படுகிறது. இது 60 கிலோகிராம் மேசையின் எடையைப் போல் 330 மடங்குக்கும் மேல் ஆகும். பக்கத்துக்கு ஒன்றாக 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு முளைகள், ஒவ்வொன்றும் தூணின் முன்னும் பின்னுமாக இரு இடங்களில் தாங்கினால், அவ்விசை நான்கு வெட்டுப்பரப்புகளில் பகிரப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 மெகாபாசுக்கல் தகைவை உண்டாக்கும். மென்னெஃகு இதனைத் தாங்கவல்லது. ஆயினும் முளை தொலைந்துவிட்டதென்று கைக்குக் கிடைத்த மெல்லிய மரையாணியைச் செருகுவது ஏற்புடையதன்று.

முளைகளைச் செருகாமல், வடத்தில் தொங்கும் மேசையின் மீது அழுத்தினால் நிலைமை வேறு. மேற்கண்ட இரு வடங்களும் சேர்ந்து தாங்கக்கூடிய உச்ச விசை 18 கிலோநியூட்டனுக்கு மேற்படாது. அழுத்தி தன் திறனில் பத்தில் ஒரு பங்கை எட்டும் முன்னரே வடம் அறும், அல்லது வின்ச்சின் பற்கள் உடையும். அறும் வடம் சவுக்கைப் போல் வீசியடிக்கும். மேசை வேலைப்பொருளுடன் கீழே விழும்.

மேசையை உயர்த்தும் சிரமம் இருந்தவரை, முளையின்றி மேசை நிற்கவே நிற்காது. வின்ச் சேர்க்கப்பட்ட பின்னர், முளையில்லாமலும் அது நிற்பதாகத் தோற்றமளிக்கும். வின்ச் கொண்டுவரும் புதிய ஆபத்து இதுவேயாகும்.

பயன்படுத்தும் வரிசை

1. மேசையின் மீதுள்ள பொருள்களை அகற்றுக.
2. வின்ச்சால் மேசையைச் சிறிது உயர்த்தி, முளைகளின் மீதுள்ள சுமையை நீக்குக.
3. முளைகளை உருவி, மேசையை வேண்டிய துளைக்குச் சற்று மேலே கொண்டு செல்க. மேசைக்கு அடியில் கையோ காலோ இருத்தலாகாது.
4. இரு பக்கத்து முளைகளையும் ஒரே மட்டத்திலுள்ள துளைகளில் முழுவதுமாகச் செருகுக.
5. மேசையை முளைகளின் மீது இறக்கி, இரு வடங்களும் தளரும் வரை கைப்பிடியைச் சுற்றுக.
6. வடங்கள் தளர்ந்திருப்பதைக் கண்ட பின்னரே அழுத்தத் தொடங்குக.

ஐந்தாம் படி இரு வகையில் பயனுடையது. வடம் தளர்வது, எடை முளைகளுக்கு மாறிவிட்டது என்பதற்குக் கண்கூடான சான்று. மேலும், அழுத்தத்தில் மேசை சற்று வளையும்போது வடம் இழுபடாமல் காக்கப்படுகிறது.

இறக்கும்போது முளைகள் இல்லாத நிலையில் வடம் தளர்ந்தால், மேசை தூண்களுக்கு இடையே சிக்கியுள்ளது என்பது பொருள். அப்போது மேலும் இறக்கவோ மேசையைத் தட்டவோ கூடாது. சிக்கல் விடுபட்ட கணத்தில், தளர்ந்த வடத்தின் நீளம் முழுவதும் மேசை தடையின்றி விழும். வடத்தை மீண்டும் சுற்றி இறுக்கிய பின்னரே சாய்வைச் சரிசெய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* நீரியல் அழுத்தி
* பாசுக்கல் விதி
* எளிய எந்திரங்கள்
* கப்பி
* புழுப் பற்சக்கரம்