அமோக், லாத்தா, கார்ட்டிசோல்: மன உளைச்சலின் ஆண்-பெண் வேறுபாடு ஆராயப்பட்ட வழி

சிங்கப்பூர் அரசு மனநோயாளர் காப்பகத்தின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் 1893இல் அமோக் பற்றியும் 1897இல் லாத்தா பற்றியும் எழுதினார். வெறிகொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டும் அமோக்கில் சிக்கியோர் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். திடுக்கிட்டவுடன் எதிரே இருப்பவரின் சொல்லையும் செயலையும் அப்படியே திருப்பிச் செய்வது லாத்தா. 20ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பெரும்பாலும் நடுவயது கடந்த பெண்களே இதற்கு ஆளானவர்கள். எல்லிஸ் இரண்டையும் மலாய்க்காரரின் நோய்களாகவே கண்டார். இனத்தைத் தேடிய கண்ணுக்குப் பால் வேறுபாடு பக்கக் குறிப்பாகிவிட்டது.

ஆனால் 1895இல் மலாயாவின் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்வெட்டன்ஹாம் எழுதிய நூலில் லாத்தாவுக்கு ஆளாகி விரிவாக இடம்பெறும் இருவரும் ஆண்கள்! ஆகவே லாத்தாவின் பால் வேறுபாட்டை முழுக்க உடற்கூறு என்று சொல்லிவிட முடியாது. 1980இல் மனநல மருத்துவர் ரொனால்ட் சைமன்ஸ், எல்லா மனிதருக்கும் பொதுவான திடுக்கிடும் அனிச்சையையே மலாய்ப் பண்பாடு இப்படி வளர்த்தெடுக்கிறது என்று வாதிட்டார். உடலும் பண்பாடும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்ற அவர் கருத்து எனக்கு ஏற்புடையது.

பண்பாட்டோடு வரலாறும் உளைச்சலை ஆண், பெண் எனப் பிரித்தது. மலேசியாவின் ஜொகூரில் தம்போய் மனநல மருத்துவமனை, இன்றைய பெர்மாய், 1937இல் தொடங்கியது. ஜப்பானியர் காலத்தில் அது நுண்ணுயிர்ப் போர்ப் பிரிவு ஒன்றின் கொள்ளைநோய் ஆய்வுக்கூடமானது. அதே ஆண்டுகளில் தோட்டப்புறத் தமிழ் ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர்; பெண்கள் பிள்ளைகளோடு தோட்டத்திலேயே பசியில் கிடந்தனர். ஒரே பேரிடர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரு வேறு உளைச்சல்களாக வந்தது.

உயிரியல் தன் வழியில் சென்றது. ஹார்மோன் ஆய்வாளர் ஹான்ஸ் செலியே 1936இல் எலிகளைக் கொண்டு உளைச்சலின் உடல் வடிவத்தை விளக்கினார். மனிதரிடம் நடந்த ஆய்விலோ பெண்களுக்கு இடம் குறைந்தது: 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு வழிகாட்டியது. 1993இல்தான் அந்த வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. மாதச் சுழற்சி ஆய்வு முடிவுகளைக் குழப்பும் என்பது ஆய்வாளர்களின் நெடுநாள் சாக்கு. உளவியலாளர் கிர்ஷ்பாமின் குழு 1999இல் அந்தக் குழப்பத்தையே ஆராய்ந்தது. நடுவர்முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்து உளைச்சலின்போது சுரக்கும் கார்ட்டிசோலை உமிழ்நீரில் அளந்தார்கள். கருமுட்டை வெளிப்பட்ட பிந்தைய நாள்களில் இருந்த பெண்களின் அளவு ஆண்களுடையதை ஒத்திருந்தது. மாதச் சுழற்சியின் முற்பாதியில் இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை உண்டவர்களுக்கும் குறைவு. எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறுபாடே தோன்றி மறைகிறது.

2010இல் நரம்பியல் ஆய்வாளர்கள் பாங்காசரும் வாலன்டினோவும் மூளைத்தண்டில் உள்ள நீலப்புள்ளி எனும் விழிப்பு மையத்தை எலிகளில் ஆராய்ந்தனர். உளைச்சலுக்குப் பின் ஆண் எலியின் செல், உளைச்சலைத் தூண்டும் மூளை ஹார்மோனை ஏற்கும் வாங்கிகளை உள்ளிழுத்துத் தன்னைத் தற்காத்துக்கொண்டது. பெண் எலியில் அது நடக்கவில்லை. எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதில் எச்சரிக்கை வேண்டும். மனிதரில், பெண்களிடையே மனச்சோர்வு ஆண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. இடைவெளி பூப்பு வயதில் விரிகிறது. தற்கொலையிலோ மலேசியாவில் ஆண்களே அதிகம். மனச்சோர்வு வினாத்தாள் ஆண்களைத் தவறவிடுகிறதோ என்ற ஐயம் இங்கே நியாயமானது.

ஜொகூரின் சிகாமட்டில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வகம் பல இனக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. இத்தகைய தொடராய்வில் மனச்சோர்வைக் கேட்கும்போது மாதச் சுழற்சி, மகப்பேறு, மாதவிடாய் நிற்றல் ஆகியவற்றையும், ஆண்களிடம் குடியையும் கடுஞ்சினத்தையும் சேர்த்துக் கேட்டால் போதும். எல்லிஸ் பக்கக் குறிப்பாய் விட்டது ஆய்வின் முதற்கேள்வியாகும்.