பாசறைத் துப்பாக்கியும் குடியானவன் துப்பாக்கியும்

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடங்கியபின், இத்தேசத்தில் ஆயுதம் யார் கையில் இருக்கவேண்டும் என்ற பிரச்னையைப் பாசறையிலும் கிராமத்திலும் ஒருங்கே தீர்த்துவிட ஆங்கில சர்க்கார் முனைந்தது. சில மலைப் பீரங்கிப் பிரிவுகள் நீங்கலாகப் பீரங்கிப்படை முழுவதும் வெள்ளைச் சிப்பாய்களின் வசமாயிற்று. அவர்கள் பின்புறமாகத் தோட்டா செலுத்தும் ஸ்னைடர் துப்பாக்கியைப் பெற்ற காலத்தில், அதே கொடியின்கீழ் உயிர்விடச் சித்தமாயிருந்த இந்தியச் சிப்பாய்க்குக் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியே வாய்த்தது. ராஜபக்திக்குச் சத்தியம் வாங்கிக்கொண்டு நம்பிக்கையை மட்டும் மறுத்த அம்முறையை நான் நீதியென்று கருதவில்லை.

சிப்பாயின் கதி இதுவெனில் குடியானவன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? வைசிராய் லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், லைசென்சின்றி அவன் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுமென்பது, 1930-இல் காந்தியடிகள் வைசிராய் இர்வின் பிரபுவிடம் முன்வைத்த 11 கோரிக்கைகளுள் ஒன்று என்பதை, அஹிம்ஸையைப் போற்றும் நாம் மறந்துவிடலாகாது. அச்சட்டத்தை நீக்கிப் புதியதோர் ஆயுதச் சட்டம், சுதந்திரம் வந்து 12 ஆண்டுகள் கழிந்து, 1959-இல்தான் இயற்றப்பட்டது.