பாட்டின் கூலி



பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே கொழுந்து பறிப்போர் 'பேர்' என்னும் சொல்லை இருபொருளில் வழங்குவர். ஒன்று பெற்றோர் இட்ட பெயர்; மற்றொன்று ஒருநாள் உழைப்புச் செக்ரோலில் பதியப்பெறுதல். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' என்பர். அரைநாட் கூலியே கிடைக்கும். உழைத்தவர் பெயர் ஏட்டில் ஏறினாலன்றிக் கூலி இல்லை என்னும் உண்மையை இவ்வொரு சொல்லே உணர்த்திவிடுகின்றது. பாட்டுக் கட்டுவோரும் பாடுவோரும் உழைப்பாளரே அன்றோ? அவர்கள் பேர் ஏட்டில் ஏறிய வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

1847ஆம் ஆண்டிலே பரிஸ் மாநகரில், ஏர்னெஸ்ட் பூர்ஜே என்னும் பாடலாசிரியர் ஒரு சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றார். அங்கே அவர் இயற்றிய பாடலைப் பாடி, வந்தோரை மகிழ்வித்துக்கொண்டிருந்தனர். தாம் அருந்திய பானத்துக்குப் பணம் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். தம் பாட்டினால் வாணிகம் நடத்துவோர் தமக்கு ஒன்றும் தராதபோது, தாம் மட்டும் ஏன் தரவேண்டும் என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. அவர் பக்கமே தீர்ப்புக் கிடைத்தது. பாடலாசிரியர்க்கும் இசையமைப்போர்க்கும் உரிய தொகையைத் திரட்டிப் பங்கிடும் சங்கம் ஒன்று 1851இல் அந்நாட்டில் எழுந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1902 நவம்பரிலே கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் குரல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. 1908இல் அந்நகரின் சியால்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை தோன்றியது. அதுவரை பாடுவோர் இருந்த இடத்தில்தான் பாட்டு இருந்தது. அதன்பின் அவர் இல்லாத இடத்திலும், அவர் மறைந்த காலத்திலும் பாட்டு ஒலித்தது. பாட்டு நெடுந்தூரம் சென்றது. கூலி அதனைப் பின்தொடரவில்லை. ஒருமுறை பெற்ற தொகையோடு அமைந்த கலைஞர் பலர்.

திரைப்படப் பாடலின் கதை இதனை நன்கு விளக்கும். 1969இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் அமைந்தது. பாடல் இயற்றியோர்க்கும் இசையமைத்தோர்க்கும் உரிமைத்தொகை வேண்டுமென அது கோரியது. படத் தயாரிப்பாளர் எதிர்த்தனர். வேறு உடன்பாடு இல்லையாயின், படத்துக்காகச் செய்வித்த பாடலின் உரிமை தயாரிப்பாளரையே சாரும் என இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலே நீதியரசர் கிருஷ்ண ஐயர் தனிக்குறிப்பு ஒன்று எழுதி, பாடுவோர்க்குச் சட்டத்தில் உரிமை இல்லாமையைச் சுட்டிக்காட்டினார். 1994இல் வந்த திருத்தம் பாடுவோர் முதலிய நிகழ்த்துவோரின் உரிமையை ஏற்றது. 2012இல் வந்த திருத்தமோ, திரையரங்கிற்கு வெளியே பாடல் பயன்படும்போது வரும் தொகையிலே, இயற்றியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் சமபங்கு உண்டென்றும், அப்பங்கை அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தலும் செல்லாதென்றும் விதித்தது. தீர்ப்புக்கும் இத்திருத்தத்துக்கும் இடையே 35 ஆண்டுகள் கழிந்தன.

இக்காலத்துக் களவு வேறுவகையினது. ஒலிநாடாவும் இறுவட்டும் திருட்டுப்படிக்கு வழி திறந்தன. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர், ஒருவர் கணினியிலிருந்த பாட்டை உலகெங்கும் விலையின்றிப் பரப்பியது. நீதிமன்ற ஆணையினால் 2001இல் அது நின்றதாயினும், அவ்வழி நிற்கவில்லை. இணையத்திலே திருட்டுப்படி எடுத்தல் குற்றமே. பாட்டுக்காரர் செல்வர்தாமே என்று சிலர் சொல்வர். மேடையிலே முன்னிற்கும் ஒருவரை மட்டும் கண்டு சொல்லும் சொல் அது. பின்னாலிருந்து மிருதங்கம் வாசிப்பவரும் பாட்டெழுதுபவரும் செல்வராதல் அரிது. எனினும் களவைக் கண்டிக்கும் இசை நிறுவனங்களும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். வேலி காக்க ஊரை அழைப்போர், வேலிக்குள் விளைந்ததை உழைத்தவர்க்கு அளந்து கொடுத்தல் கடன். கலைஞர்க்குக் கொடாத நிறுவனம் திருடனைப் பழிக்கும்போது, அப்பழி ஊரார் செவியில் ஏறுவதில்லை.

இனி, ஏட்டிலே பேரே ஏறாத பாட்டு ஒன்றுண்டு. அது நம் மலையகப் பாட்டு. தாலாட்டும் ஒப்பாரியும், கொழுந்து பறிக்கையிலே எழுந்த பாடலும், காமன் கூத்தின் பாட்டும் யார் கட்டியவை? மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, இப்பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். அவர் திரட்டியிராவிடில் பல மறைந்தொழிந்திருக்கும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைவடிவங்களுக்கும் காப்பளிக்கின்றது. வாணிக நோக்கில் அவற்றைப் பயன்படுத்துவோர், அமைச்சர் குறிக்கும் அதிகாரியின் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். அப்பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செல்லும். நல்ல ஏற்பாடே. ஆயினும் பாட்டைத் தந்த தோட்டத்து மூதாட்டியின் பேருக்கு அங்கே இடமில்லை. அவ்விடத்தை நிரப்பவேண்டியவர் நாமே.

இன்று நம் இளைஞர் கைத்தொலைபேசியிலே பாட்டைப் பதிந்து கணப்பொழுதில் உலகுக்கு அனுப்புகின்றனர். பதியும்போதே, யார் பாடினார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பவற்றையும் உடன் எழுதிவைப்பார்களாக. தாமே இயற்றிய பாட்டாயின், ஒப்பந்தத்தை முழுதும் படியாமல் கையொப்பம் இடாதிருப்பார்களாக. பிறர் பாட்டாயின், உரிய விலை கொடுத்தே கேட்பார்களாக. நம் முன்னோர் அரைப்பேருக்காகவும் வழக்காடியவர்கள். கூலியின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பிறர் கூலியையும் அவ்வாறே மதித்தல் நமக்கு அழகு.