கருப்பை உரித்தவர்கள்: 'ஹாட் ராட்' வண்ணங்களின் கதை

பழைய வண்டியொன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி, பொறியை மாற்றி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, வீட்டுக் கொட்டகையிலேயே அதைத் தன் விருப்பப்படி மறுபடியும் படைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், தலைமுறைகளாக உண்டு. அத்தகைய வண்டியை 'ஹாட் ராட்' என்பர். இதைப் பற்றி எழுதியவர்களில் பலர் பொறியின் குதிரைத்திறனையும் ஓட்டத்தின் வேகத்தையும் எழுதித் தீர்த்துவிட்டனர். நாம் இங்கே பேச விரும்புவது வண்டியின் தோலைப் பற்றி. அந்தத் தோலில்தான் ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே நடந்த நெடிய வழக்கொன்று எழுதப்பட்டிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

வழக்கின் தொடக்கம் கருப்பு நிறம். ஃபோர்டின் 'மாடல் டி' வண்டி தொடக்க ஆண்டுகளில் பச்சை, சிவப்பு, நீலம் எனப் பல நிறங்களில் வந்ததுண்டு. 1914 முதல் 1925 வரை கருப்பு ஒன்றே கிடைத்தது. நிலக்கீல் கலந்த கரும்பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது, சூளையில் சுட்டுக் காயவைக்க ஏற்றது. ஓடும் தொடரில் வண்டி கோக்கும் ஆலைக்கு வேறென்ன வேண்டும்? அக்காலத்தில் மற்ற நிறங்களின் நிலை பரிதாபமானது. குதிரைவண்டிக் காலத்து வார்னிஷ் முறையில், தூரிகையால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இந்த முடிச்சு 1920களின் முற்பாதியில் அவிழ்ந்தது. டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, 1923இல் ஓக்லண்ட் என்னும் வண்டியில் நீலநிறமாக வெளிவந்தது. சினிமாச் சுருளுக்கும் வெடிபஞ்சுக்கும் நெருங்கிய உறவுக்காரப் பொருள் அது. தெளித்த சில நிமிடங்களில் காயும். (நம்மூர் மரச்சாமான் கடைகளில் 'டூகோ அடித்தது' என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் பூர்வீகம் இதுதான்.) இதற்குச் சற்று முன், 1921இல், நீரில் நனைத்துத் தேய்க்கத்தக்க உப்புத்தாளை மின்னசோட்டாவைச் சேர்ந்த 3எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. அந்தத் தாளின் மாதிரிகளை வண்டிப் பட்டறைகளுக்கு எடுத்துச் சென்ற ரிச்சர்ட் ட்ரூ என்ற இளம் ஊழியர், இரட்டை வண்ணம் அடிக்கும் தொழிலாளிகள் ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது புதுப்பூச்சும் சேர்ந்து உரிந்துவர, அவர்கள் வாய்விட்டுத் திட்டுவதைக் கேட்டார். பூச்சுக்கு ஊறு செய்யாமல் ஒட்டி உரியும் நாடாவை 1925இல் அவர் செய்து முடித்தார். அதே 1925இல்தான் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி வண்டியில் பின்தொட்டியை ஆலையிலேயே பொருத்தி, 281 டாலருக்கு பிக்கப் வண்டியாக விற்கத் தொடங்கியது.

வண்டி, பூச்சு, தாள், நாடா என நான்கும் ஐந்தாண்டு இடைவெளிக்குள் வந்து சேர்ந்துவிட்டதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் ஆலைக்காகவும் பட்டறைக்காகவும் பிறந்தவை. அவை பழசாகி, மலிவாகி, வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது வேறொரு கதை தொடங்கியது.

கலிபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் 1930களில் வண்டியோட்டி வேகம் பார்த்தனர். அவர்களின் மன்றங்கள் சேர்ந்து 1937இல் ஒரு சங்கம் கண்டன. போர் முடிந்து திரும்பியவர்களின் கையில் கொஞ்சம் காசும் இயந்திரப் பயிற்சியும் இருந்தன. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' இதழின் முதல் பிரதி வெளிவந்தது. அதே மாதத்தில்தான் ஃபோர்டின் 'எஃப்' வரிசை பிக்கப்பும் அறிமுகமாயிற்று. அன்று புது வண்டியாக வந்து வயலுக்கும் சந்தைக்கும் சுமை இழுத்தது, பின்னாளில் வீட்டுக் கொட்டகைகளில் ஹாட் ராடாக மறுபிறவி எடுத்தது.

உழுது களைத்த வண்டிக்கு வண்ணம் ஏற்றுவது எளிதன்று. முதலில் பழைய பூச்சையும் துருவையும் தகடு தெரியும்வரை உரிக்க வேண்டும். அரித்துப்போன மட்கார்டை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டும். நம் பட்டறைகளில் டிங்கரிங் என்கிறார்களே, அதே வேலை. எஞ்சும் பள்ளங்களை அக்காலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டியை உருக்கி, மரத்துடுப்பால் நீவி நிரப்பினர். 1950களின் நடுவில் பாலியெஸ்டர் பட்டி வந்தபின் ஈயம் மெல்லப் பின்வாங்கியது. பிறகு பிரைமர். அதன்மேல் மெல்லிய கருப்புத் தூவலொன்றைத் தெளித்து, நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மேட்டில் இருக்கும் கருப்பு முதலில் போகும். எங்கே கருப்பு மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி தேய்ப்பு. நிறத்தைத் தெளிப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அதற்கு முந்தைய வேலைக்குச் சில குளிர்காலங்கள்கூட ஆகும். பணமோ பொழுதோ தீர்ந்துபோனவர்கள் சாம்பல்நிறப் பிரைமரோடே தெருவில் ஓட்டினார்கள். பின்னாளில் அந்த முடிவுறாமையே ஓர் அழகாகக் கொள்ளப்பட்டது.

டூகோ வகைப் பூச்சில் வீட்டுக்காரருக்கு ஒரு பெரும் சலுகை இருந்தது. கரைப்பான் ஆவியாவதாலேயே அது காய்கிறது. அடுத்த பூச்சின் கரைப்பான் முந்தையதைச் சற்றே இளக்கி, அதோடு ஒன்றாகிவிடும். தூசி விழுந்தாலும் வழிந்தாலும், தேய்த்துவிட்டு மேலே தெளித்தால் தழும்பு தெரியாது. தேர்ச்சியில்லாத கைகளை மன்னிக்கும் பூச்சு அது. ஹாட் ராட் வண்ணக்கலை கொட்டகைகளில் செழித்ததற்கு இந்த மன்னிப்பும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அந்தக் கொட்டகைகளிலிருந்து வந்தவர்கள் வண்ணத்தை ஆலை நினைத்திராத இடத்துக்குக் கொண்டுபோயினர். முன்னால் சென்ற காரின் பின்விளக்கொளி ஈரச்சாலையில் விழுந்து செம்மை ஒழுகியதைக் கண்ட ஜோ பெய்லன், அந்தச் செம்மையைத் தகட்டில் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் முயன்றார். பொன் அல்லது வெள்ளி மினுக்கும் அடிப்பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை அடுக்கடுக்காகத் தெளிக்கும் 'கேண்டி' முறை அப்படித்தான் பிறந்தது. அது மன்னிக்காத பூச்சு. ஓர் அடுக்கு கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறும். ஒரு கதவு சிராய்த்துவிட்டால் அதை மட்டும் திருத்தி மற்றப் பகுதியோடு ஒப்பவைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். விளம்பரப் பலகை எழுதும் தொழிலாளியின் மகனான கென்னத் ஹவர்ட், 'வான் டச்' என்ற பெயரில், வண்டியின் முகத்தில் மயிரிழைக் கோடுகளைச் சுதந்திரமாக ஓடவிட்டார். நார்ம் கிராபோவ்ஸ்கி, 1922ஆம் ஆண்டு மாடல் டி வண்டியின் முன்பாதியோடு மாடல் ஏ பிக்கப்பின் தொட்டியைக் குறுக்கிப் பொருத்திய வண்டி முதலில் கருப்பாகத்தான் இருந்தது. பின்பு நீலமாகி, தீ நாக்குகள் தீட்டப்பெற்று, 1958இல் தொடங்கிய '77 சன்செட் ஸ்ட்ரிப்' தொலைக்காட்சித் தொடரால் நாடறிந்ததாயிற்று. 1963இல் டாம் வுல்ஃப் இந்த வண்டிக் கலைஞர்களைப் பற்றி 'எஸ்குயர்' இதழில் எழுதினார். இலக்கிய உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

இந்த வண்ணங்களுக்கான விலையை நாம் மறைத்துவிடக் கூடாது. தெளிப்பானில் ஊற்றிய கலவையின் பெரும்பகுதி தகட்டில் தங்குவதில்லை. ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் கவிந்தபோது மக்கள் எதிரிநாட்டின் தாக்குதலோ என்று அஞ்சினார்கள். அதுவரை அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலறிஞர், கார்ப்புகையிலும் எண்ணெய் ஆலைகளிலுமிருந்து எழும் ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் வினைபுரிந்தே அது உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். பூச்சின் கரைப்பானும் அதே வினைக்கு உணவாகும் பொருள்தான். 1980களின் இறுதி தொடங்கித் தென் கலிபோர்னியாவில் வண்டிப் பூச்சுகளின் கரைப்பான் அளவுக்குக் கட்டுப்பாடுகள் வந்து, பழைய லாக்கர் முறை அருகியது. அதற்குப் பதிலாக வந்த இருகூறு யூரித்தேன் பூச்சு கல்போல் இறுகும், பளபளப்பும் அதிகம். அதன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட்டோ நுரையீரலுக்குத் தீராத ஒவ்வாமையைத் தரவல்லது. வெளியிலிருந்து குழாய்வழி தூய காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடுவது அறிவுடைமையாகாது. தகப்பனின் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லாக்கர் தெளித்த தலைமுறையின் கொட்டகைக்கு அந்தச் செலவு பெருஞ்சுமை. அதனால் தட்டுவது, தேய்ப்பது, பிரைமர் வரையிலான வேலைகளை வீட்டில் முடித்துவிட்டு, நிறத்துக்கு மட்டும் பட்டறையை நாடும் பழக்கம் பெருகியது.

வேறு சிலர் நிறமே பூசுவதில்லை. வெயிலில் வெளிறி, பிரைமர் தெரியத் தேய்ந்து, துருப்பூத்த பழைய பிக்கப்பின் தோலை அப்படியே காத்து, மேலே ஒளிபுகும் பூச்சொன்றை மட்டும் தெளித்துவிடுகிறார்கள். அந்தப் பழைமை வாய்க்காத வண்டிக்கு அதையும் செய்து தருவதற்குக் கைதேர்ந்தவர்கள் உண்டு. புதிதாக நிறமடித்து, கை அடிக்கடி பட்டிருக்கக்கூடிய கதவு விளிம்பிலும் ஏணியோ கயிறோ உராய்ந்திருக்கக்கூடிய தொட்டியோரத்திலும் அடுக்கடுக்காகத் தேய்த்துத் தகடுவரை போவார்கள். பிறகு கதவில், எந்த ஊரிலும் என்றும் இருந்திராத ஒரு தீவனக் கடையின் பெயரைத் தூரிகையால் அழகாக எழுதி, அதையும் பாதி தேய்த்து அழித்துவிடுவார்கள்.