ஜீவனாம்சமும் மரபணுச் சோதனையும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்திலிருந்து ஒரு சட்ட வரலாறு

பிள்ளைக்குச் சோறு போடும் கடமையைத் தந்தையின் மீது சுமத்திய தொடக்ககால எழுத்துச் சட்டம் இந்தியாவில் குடும்பச் சட்டமாக வரவில்லை. திருட்டையும் கலகத்தையும் விசாரிக்கும் முறையை வகுத்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஒரு மூலையில், 1861-ல் அது இடம்பெற்றது. கைவிடப்பட்ட மனைவியும் மக்களும் பிழைப்பின்றி அலைந்து ஊருக்கும் அரசுக்கும் சுமையாகிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கமாக இருந்ததால், பிள்ளையின் பிறப்பு எத்தகையது என்ற கேள்வியில் அச்சட்டம் அதிக நாட்டம் காட்டவில்லை. திருமணத்துக்குள் பிறந்த பிள்ளையும் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையும் நடுவர் முன் ஒரே வகையில் பராமரிப்புத் தொகை கோரலாம் என்ற ஏற்பாடு, சொத்துரிமையில் இவ்விருவரையும் வெகுவாகப் பிரித்து வைத்திருந்த அக்காலத்தில், ஏறக்குறைய தற்செயலாக வந்து சேர்ந்த தாராளம் எனலாம். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488-ஆம் பிரிவாக அது நிலைபெற்றது. மாதத்துக்கு 50 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு பின்னர் 100 ஆகவும், 1955-ல் 500 ஆகவும் உயர்ந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் 125-ஆம் பிரிவாக அதை மாற்றியபோதும் அந்த 500 ரூபாய் நகரவில்லை. 2001-ல்தான் வரம்பு அடியோடு நீக்கப்பட்டது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன வட்டமாக இருந்த ஸ்ரீபெரும்புதூரில் அந்த உச்சவரம்பு பலருக்கும் எட்டாத தொகையாகவே இருந்திருக்கும். நெல்லறுப்பிலும் அருகிலுள்ள காஞ்சிபுரத்தின் தறிகளிலும் கிடைத்த கூலிக்குச் சீட்டு ஏதும் கிடையாது. ஆகவே எதிர்மனுதாரரின் வருமானத்தை நடுவர் தம் மதிப்பீட்டால் ஊகிக்க வேண்டியிருந்தது. வருமானத்தை மறைப்பது எளிதாக இருக்கும் இடத்தில் தந்தைமையை மறுக்கும் தேவை குறைகிறது என்பது இவ்வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூறு.

தந்தைமையை மறுப்போருக்கு எதிரே நின்ற தடுப்பு 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவாகும். செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முறிந்த 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்துகொள்ளாத நிலையிலோ பிறந்த பிள்ளை அக்கணவரின் முறைப்படியான பிள்ளை என்பதற்கு அப்பிறப்பே அறுதிச் சான்று என்று அப்பிரிவு கூறியது. அறுதிச் சான்று என்றால், அதை மறுக்கும் வேறு எந்தச் சாட்சியத்தையும் நீதிமன்றம் ஏற்கலாகாது என்பது பொருள். ஒரே ஒரு விலக்கு மட்டும் விடப்பட்டது: கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அணுகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அந்த அணுக்கம் உண்மையான கூடலைக் குறிக்கிறதா, கூடுவதற்கான வாய்ப்பை மட்டும் குறிக்கிறதா என்ற சர்ச்சையை, ரங்கூனிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற கறுப்பையா சேர்வை வழக்கு தீர்த்துவைத்தது. வாய்ப்பு இருந்தாலே போதும் என்று 1934-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான அத்தீர்ப்பு கூறியது. இலங்கையின் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இதே பிரிவு இருந்தமையால், அங்கிருந்து சென்ற கணபதிப்பிள்ளை வழக்கிலும் 1956-ல் பிரிவி கவுன்சில் இதே விளக்கத்தைப் பின்பற்றியது. தமிழர் கடல் கடந்து வேலைக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாதிருந்த காலத்தில் அணுக்கமின்மையை நிரூபிப்பது நடக்கக்கூடிய காரியம். திருவண்ணாமலையில் மனைவியும் ஒரகடத்தில் கணவனும் இருக்க, இடையில் சில மணி நேரப் பேருந்துப் பயணம் மட்டுமே உள்ள இன்றைய தொழிலாளர் குடும்பத்தில், வாரவிடுமுறை ஒன்றே வாய்ப்பு எனக் கருதப்படுமாதலால், அந்த விலக்கின் வாயில் ஏறக்குறைய மூடிவிட்டது. 1872-ன் சொற்கள் மாறாதிருக்க, சாலைகள் அவற்றின் பொருளை மாற்றிவிட்டன.

இரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-ல் பிரித்தறிந்த பின், ஒருவர் தந்தையாக இருக்க முடியாது என்று சில வழக்குகளிலாவது சொல்ல வழி பிறந்தது. ஏ, பி ஆகிய இரண்டும் கலந்த வகையினருக்கு ஓ வகைப் பிள்ளை பிறப்பதில்லை என்பது போன்ற விலக்கும் சான்றுகளே அவை. இன்னார்தான் தந்தை என்று காட்ட அவற்றால் இயலாது. இத்தகைய சோதனைக்குச் சிறுவயதினரை உட்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை 1951-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பிள்ளையின் உடலிலிருந்து இரத்தம் எடுக்கக் காப்பாளரை வற்புறுத்தும் அதிகாரத்தைச் சட்டம் எங்கும் வழங்கவில்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிள்ளையின் நலன் என்ற நவீனச் சொல்லாட்சி அதில் இல்லை. அதிகாரம் இல்லை என்ற வறண்ட காரணமே இருந்தது. ஆனால் பிற்காலத் தீர்ப்புகள் பலவும் அந்த வறண்ட காரணத்தையே அடித்தளமாகக் கொண்டன.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984-ல் கண்டறிந்த டி.என்.ஏ. ரேகை முறை இந்த நிலையைக் குலைத்தது. மனிதரின் மரபணுப் பொருளில் ஆளுக்கு ஆள் வேறுபடும் பகுதிகளை ஒப்பிட்டு, பெற்றோர்–பிள்ளை உறவை ஏறக்குறைய ஐயமின்றி நிறுவும் இம்முறை முதன்முதலில் பயன்பட்ட வழக்கு, கொலையோ கொள்ளையோ பற்றியதன்று. கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய பதின்வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் மகன்தானா என்று குடியேற்ற அதிகாரிகள் ஐயுற்றதில் எழுந்தது. 1985-ல் அச்சோதனை அவனுக்குச் சாதகமாக முடிந்தது. இந்தியாவில் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இத்தொழில்நுட்பத்தை உருவாக்க, கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் நடந்த ஒரு ஜீவனாம்ச வழக்கில் அது தந்தைமைச் சான்றாக ஏற்கப்பட்டது. 1991-ல் கேரள உயர் நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, மனித வெடிகுண்டாக வந்த பெண்ணின் உடற்பாகங்களை அடையாளங்காணும் பணியில் அதே ஐதராபாத் மையமே ஈடுபட்டது. தமிழ்நாட்டில் மரபணுச் சோதனை என்ற சொல் செய்தித்தாள் வாசகருக்கு அறிமுகமானதில் இவ்வூருக்கு இப்படியொரு துயரமான பங்கு உண்டு.

சோதனை கைக்கு எட்டியதும், 125-ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கப்பட்ட கணவர்கள் அதைத் தற்காப்பாகக் கோரத் தொடங்கினர். மேற்கு வங்கத்திலிருந்து வந்த கௌதம் குண்டு வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பெழுதியவர், உடுமலைப்பேட்டையிலிருந்து சென்ற நீதிபதி எஸ். மோகன். சோதனையை வழக்கமான நடைமுறையாக ஆணையிடலாகாது. ஏதாவது அகப்படுமா என்று துழாவும் நோக்கில் வரும் மனுக்களை ஏற்கலாகாது. அணுக்கமின்மைக்கு வலுவான முதல்தோற்ற ஆதாரத்தைக் கணவர் காட்ட வேண்டும். சோதனையின் விளைவாகப் பிள்ளை முறைகேடாகப் பிறந்ததென்றும் தாய் கற்பற்றவளென்றும் முத்திரை குத்தப்படுமா என்பதை நீதிமன்றம் எடைபோட வேண்டும். ஒருவரையும் இரத்த மாதிரி தரும்படி கட்டாயப்படுத்த முடியாது. இந்த நெறிகளே அதன் பின்னான முப்பதாண்டு வழக்குகளின் இலக்கணம் ஆயின. அவற்றைக் கூர்ந்து நோக்குபவர் ஒன்றைக் கவனிக்கலாம்: பிள்ளையின் மீது விழும் களங்கம் எடைபோடப்படுகிறது, ஆனால் பிள்ளையிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. கைக்குழந்தையைப் பொறுத்தவரை இது இயல்பே. பதினைந்து வயதில், தன் பெயருக்கு முன்னுள்ள எழுத்து எதற்காக நீதிமன்றத்தில் விவாதிக்கப்படுகிறது என்பதை நன்கறிந்த பிள்ளையைப் பொறுத்தவரை அது அவ்வளவு இயல்பானதன்று.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தின் பொருளியல் மாற்றம் வழக்கின் தன்மையையும் மாற்றியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசானும், அதைத் தொடர்ந்து டைம்லரும் ராயல் என்ஃபீல்டும் வந்தன. ஏரிக்கரை ஊர்களில் மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதி எண்ணும் உள்ள இளைஞர் கூட்டம் முதன்முறையாகத் தோன்றியது. ஊகத்தால் கணிக்கப்பட்ட வருமானம் சம்பளச் சீட்டால் நிறுவப்படும் வருமானமாயிற்று; இரு தரப்பும் சொத்து, வருவாய், கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தபின் மறைப்பு மேலும் கடினமாயிற்று. சாதாரணக் கடன் தீர்ப்பாணையில் சம்பளத்தின் பெரும்பகுதிக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பாதுகாப்பளிக்க, ஜீவனாம்சத் தீர்ப்பாணையிலோ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பாதுகாக்கப்படுகிறது. எஞ்சியதை நிறுவனத்தின் சம்பளப் பிரிவு வழியாகவே பற்றுகை செய்யலாம். பணத்தை ஒளிக்க முடியாதவருக்கு உறவை மறுப்பதே எஞ்சும் வாதம் என்ற நிலை இவ்வாறு உருவாகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை பரவிய பிறகு, அடிக்கடி மாறும் ஒப்பந்ததாரரின் கீழ் சீட்டின்றி வேலை செய்வோரிடம் பழைய ஊகக் கணக்கு மீண்டும் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

வழக்கை எங்கே தொடுப்பது என்ற கேள்விக்கும் இத்தடத்தில் தனிப் பொருள் உண்டு. எதிர்மனுதாரர் இருக்கும் எந்த மாவட்டத்திலும் மனு செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு கூறியதால், பீகாரிலோ விழுப்புரத்திலோ மணமுடித்து ஒரகடத்தில் வேலை செய்பவர் மீது காஞ்சிபுரம் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே மனு நிற்கும். 2024 ஜூலை 1 முதல் 125-ஆம் பிரிவு பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகவும், 112-ஆம் பிரிவு பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 116-ஆம் பிரிவாகவும் எண் மாறியுள்ளன. உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. 1872-ன் சொற்றொடரை, மரபணுவியல் வளர்ந்த நூற்றாண்டின் நாடாளுமன்றம் கைவைக்காமல் விட்டது வியப்புக்குரியது.

நாடாளுமன்றம் விட்டதை நீதிமன்றங்கள் ஒரே திசையில் நிரப்பவில்லை. சோதனை முடிவே கணவர் தந்தையல்ல என்று காட்டினாலும், அணுக்கத்துக்கு வாய்ப்பிருந்தால் 112-ஆம் பிரிவே வெல்லும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம், இரு முறை நடந்த சோதனையும் தந்தைமையை மறுத்த ஒரு மகாராஷ்டிர வழக்கில், அனுமானத்தைவிட அறிவியல் உண்மையே மேலானது என்று தீர்மானித்து, மகளுக்கான ஜீவனாம்சத்தை நிறுத்தியது. அதுவரை கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற சலுகை மட்டும் மிஞ்சியது. அப்போது பதின்வயதில் இருந்த அம்மகளின் கருத்து அவ்வழக்கின் எந்தக் கட்டத்திலும் தீர்ப்பின் போக்கை நிர்ணயிக்கவில்லை. மறுபுறம், வளர்ந்த மகனே தந்தையைத் தேடிச் சென்ற என்.டி. திவாரி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010-ல், பிறப்பின் முறைமை வேறு, உயிரியல் தந்தைமை வேறு என்று பிரித்து, தன் தந்தை யாரென்று அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றது. மூத்த அரசியல் தலைவரான திவாரி மறுத்தும் 2012 மே மாதம் இரத்த மாதிரி எடுக்கப்பட்டது.

இவ்விரு போக்குகளுக்கும் நடுவே 2023 பிப்ரவரி 20-ஆம் நாள் நீதிபதிகள் வி. ராமசுப்பிரமணியனும் பி.வி. நாகரத்னாவும் வழங்கிய தீர்ப்பே பிள்ளையை வழக்கின் மையத்துக்குக் கொண்டுவந்தது. தன் பிறப்பின் முறைமையை அற்பக் காரணங்களுக்காகக் கேள்விக்குள்ளாக்காமல் இருக்கும் உரிமை பிள்ளையின் அந்தரங்க உரிமையின் உட்கூறு என்றும், பெற்றோரின் சண்டையில் பிள்ளையைக் காயாக நகர்த்தலாகாது என்றும், பிள்ளையைச் சோதனைக்கு உட்படுத்தத் தாய் மறுப்பதைக் கொண்டு பாதகமான முடிவுக்கு வரக் கூடாது என்றும் அது கூறியது. 2025 ஜனவரியில் நீதிபதிகள் சூர்ய காந்தும் உஜ்ஜல் புயானும் தீர்த்த கேரள வழக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. தாயின் முன்னாள் கணவர் அல்லாத ஒருவரே தந்தை என்றும், மருத்துவச் செலவுக்கு அவர் உதவ வேண்டும் என்றும் கோரிய மனு, 2001-ல் பிறந்த மகனின் பதின்வயதில், 2015-ல் உயிர்ப்பிக்கப்பட்டது; திருமணத்தில் பிறந்ததால் முறைமை நிலைபெற்றுவிட்டது, முறைமை நிலைபெற்றால் தந்தைமையும் அதனுள் அடக்கம் என்று கூறி உச்ச நீதிமன்றம் சோதனைக் கோரிக்கையை மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்த ஒரு சோதனையும் இதே தர்க்கத்தின்படி நீக்கப்பட்டது. பிள்ளையைக் காக்க எழுந்த அனுமானம், பிள்ளையே உண்மையைக் கேட்கும்போது அவருக்கே எதிராக நிற்கும் முரணை இத்தீர்ப்புகள் தீர்க்கவில்லை. காப்பதற்கும் வாயடைப்பதற்கும் இடையிலான கோடு இங்கே மிக மெல்லியது.

அக்கோட்டை வரைய நாடாளுமன்றம் முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019-ல் மக்களவையில் அறிமுகமான மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்காற்று மசோதா தந்தைமைத் தகராறுகளையும் தன் வரம்பில் சேர்த்திருந்தது. நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனைக்குப் பின் 2023 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்தில் 1969-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டமே பதினாறு வயது நிரம்பியவரின் மாதிரிக்கு அவருடைய சம்மதமே தேவை என்று வரையறுத்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவரின் சம்மதத்தையே இந்தியக் குற்றவியல் சட்டம் பொதுவாகச் சம்மதமாகக் கொள்வதில்லை. அதற்கு மேற்பட்ட பதின்வயதினர் தந்தைமைச் சோதனைக்கு இசையவோ மறுக்கவோ செய்யலாமா என்பதைத் தெளிவாகக் கூறும் பிரிவு எதுவும் இல்லை. நீதி நடவடிக்கையில் கருத்துக் கூறும் திறனுள்ள பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்னும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பை 1992-லேயே இந்தியா ஏற்றிருந்தும், ஜீவனாம்ச மனுவில் பிள்ளை தாய் வழியாகவே பேசுகிறது.

காலமும் பதின்வயதினரின் பக்கம் இல்லை. உடல், மனக் குறைபாடு இருந்தாலன்றி, 144-ஆம் பிரிவின் கீழான உரிமை பதினெட்டு வயதோடு முடிகிறது. மணமாகாத இந்து மகள் மட்டும் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி தனி வழக்காகத் தொடரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பதினான்கு வயதில் தாய் தொடுத்த மனுவில் சோதனைக்கான இடைமனு ஒன்றும், அதன் மீது சீராய்வு ஒன்றும், மேல்முறையீடு ஒன்றும் வந்துவிட்டால், இறுதி ஆணை பிறக்கும் நாளில் மகன் இருங்காட்டுக்கோட்டையின் ஏதேனும் ஓர் ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கக்கூடும். அந்த ஆணை அவருக்கு வழங்கக்கூடியது கடந்த ஆண்டுகளின் நிலுவைத் தொகை மட்டுமே.