மாத்தளை வழியும் தணிகைப் படிகளும்

அமெரிக்காவில் சியரா நெவாடா மலைத்தொடரில் டானர் நினைவுப் பூங்கா இருக்கிறது. 1846-இல் கலிபோர்னியாவில் குடியேறப் புறப்பட்ட 87 பேர் கொண்ட கூட்டம் அந்தப் பகுதியில்தான் பனியில் சிக்கியது. ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. 1918-இல் அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தின் பீடம் 22 அடி உயரம். அந்தக் குளிர்காலத்துப் பனியின் ஆழத்தை அந்த உயரமே சொல்லிவிடுகிறது. அதே 1840-களில் பஞ்சமும் கடனும் துரத்த, ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழர் எத்தனை ஆயிரம்! மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டில் நடந்தார்கள். காலராவும் மலைக்காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. நடக்க முடியாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. பிழைத்து வந்தவர்கள் நன்றிக்கடனாகக் கும்பிட்ட தெய்வம் மாத்தளை முத்துமாரியம்மன். வழியில் விழுந்தவர்களுக்கோ ஒரு கல்கூட இல்லை. அவர்களுக்கு நினைவிடம் வேண்டும். அதுவும் ஓர் ஊரில் ஒரு மண்டபமாக அல்லாமல், வழி நெடுக வேண்டும் என்பதே என் வாதம்.

1840-களில் மாண்டவர் 70,000 பேர் என்று 1849-இல் கொழும்பு அப்சர்வர் ஏடு கணக்கிட்டது. இது மிகை என்பாரும் உண்டு. தொகை குறையலாம், ஆனால் செத்தவர் பெயரைக்கூட எழுதி வைக்காத ஏற்பாட்டின் குற்றம் அதனால் குறையாது. புதைத்த இடமே தெரியாதபோது எங்கே கல் நடுவது என்று கேட்கலாம். இதற்கு விடை நம் திருத்தணியிலேயே இருக்கிறது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த திருப்படித் திருவிழாவில் 365 படிகளில் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமமிட்டுச் சூடம் ஏற்றுகிறோம். உச்சியில் முருகன் இருக்க, ஏறும் வழிக்கும் பூசை உண்டு என்பது இவ்வூர் மரபு. மாத்தளை வழியையும் அந்தக் கண்ணோடு பார்த்தால், கூட்டங்கள் நடந்த சாலை முழுவதுமே நினைவிடந்தான்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இன்றும் தோட்டத்து லயன் அறைகளில் குடியிருக்கும் அவர்கள் வழிவந்தோருக்குத் தேவை வீடும் காணியும்தானே, கல் எதற்கு? நியாயமான கேள்வி. ஆனால் 1948-இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறிக்க முடிந்ததற்கும், 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என ஒதுக்க முடிந்ததற்கும், அந்த மலைநாட்டை ஆக்கியவர்கள் இவர்கள் என்ற வரலாறு மறைக்கப்பட்டதும் ஒரு காரணம். காணி உரிமைக்கு அந்த வரலாறே சான்று. இம்மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டைக் குறிக்கும் ‘மலையகம் 200’-ஐ ஒட்டி 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் வரலாற்றை நினைவுகூர்ந்தபடியே காணியையும் வீட்டையும் கேட்டார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் தங்கிய ஊர்களிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் பொறித்த முதல் கற்களை நடலாம்.