வயல் விதானை முறையின் தோற்றமும் மறைவும்

மன்னார்ப் பெருநிலத்துக் கமக்காரருக்கு இரு பகை உண்டு. ஒன்று வறட்சி, மற்றது வெள்ளம். கார்த்திகை, மார்கழியில் அருவி ஆறு கரைபுரண்டு வரும். ஆனி, ஆடியில் வயல் வெடித்துக் கிடக்கும். இவ்விரு பகைக்கும் நம் முன்னோர் கண்ட மருந்து குளமேயாகும். தேக்கத்து அணையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் பெறும் கட்டுக்கரைக் குளமும், அதனால் நிரம்பும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களும் இதற்குச் சான்று.

குளத்தைக் கட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. காப்பதோ ஆண்டுதோறும் செய்யும் வேலை. முற்காலத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தினால் அக்காவல் நடைபெற்றது. 1832இல் ஆங்கில அரசு அதனை ஒழித்தது. ஊழியத்தின் கொடுமை நீங்கியது நன்றே. ஆயினும், இனிக் குளக்கட்டுக்கு மண் இடுவார் யார் என்பது விதிக்கப்படவில்லை. முன்னரே சிதைந்திருந்த குளங்கள் மேலும் தூர்ந்தன. இதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பண்டை நீர்ப்பாசன வழக்கங்களுக்கு உயிரூட்டினார்.

அவ்வழியே வலுப்பெற்றவர்தாம் வயல் விதானை. சிங்களவர் அவரை வெல்விதானை என்பர். மட்டக்களப்பார் வட்டை விதானை என்பர். துருசைத் திறப்பதும் அடைப்பதும், முறை வைத்து நீர் பாய்ச்சுவதும், அவரவர் பங்குக்குரிய கட்டைத் திருத்தச் செய்வதும், வேலி அடைக்காதவரைக் கண்டிப்பதும் அவர் கடமை. வான் பாயும் காலத்தில் கட்டைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பே. இதற்கு ஊதியமாக அறுவடையில் நெல் பெற்றார்.

இம்முறையில் குறையும் இருந்தது. பதவி பெரும்பாலும் நிலமுடையார் கையிலேயே நின்றது. குத்தகைக்கு உழுதவன் சொல் அம்பலம் ஏறவில்லை. ஆதலின் அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டு 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் விதானை பதவியைப் படிப்படியாக நீக்கி, உழுவோர் தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை நிறுவியது. நோக்கம் நேரியது. ஆனால் 1957 மார்கழிப் பெருவெள்ளத்தில் பல குளங்கள் உடைந்து சில திங்களே ஆகியிருந்த காலம் அது. புதிய குழுக்களுக்குத் தவறியவரைத் தண்டிக்கப் போதிய அதிகாரம் இல்லை. பல இடங்களில் நீர்க்கட்டுப்பாடு தளர்ந்தது.

பின்னர் 1973இல் காணிச் சட்டம் மாறிற்று. தெரிவு செய்யப்பட்ட குழுக்களின் இடத்தில் நியமனக் குழுக்கள் வந்தன. 1977இல் ஆட்சி மாறியதும் அவையும் கலைந்தன. 1979இல் கமநல சேவைச் சட்டம் வந்தது. 1991இல் அதனைத் திருத்திக் கமக்கார அமைப்புகளுக்குச் சட்ட ஏற்பு அளித்தனர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அவற்றைத் தொடர்ந்து நிலைநிறுத்தியது.

இவ்வரலாற்றில் நாம் காண்பது யாது? காலங்கடந்த பதவியைக் கலைப்பதிற் குற்றமில்லை. அப்பதவி சுமந்த கடமையை ஏற்பாரின்றிக் கலைப்பதே கேடு. விதானை போய்விட்டார்; வான் பாய்வது நிற்கவில்லை. ஆகவே, இளைஞர்காள்! உங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குச் செல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னே முதியோரை அழைத்துக்கொண்டு குளக்கட்டில் ஒருமுறை நடந்து வாருங்கள். கட்டு எங்கே கசியும், புற்று எங்கே வளரும் என்பதை அவர்கள் அறிவர். அவ்வறிவு அவர்களோடு மறையாமற் காப்பது நம் கடன்.